ஜாமீன் நின்றவர்கள்

நம் சங்கம் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். நான் வரலாறு படித்தவன் அல்லன். பாலிடெக்னிக்கில் சரக்குப் போக்குவரத்து படித்து டிப்ளோமா பெற்றவன்; அரிசி, பருப்பு, மசாலாச் சாமான்கள் வாங்கி விற்பவன். ஆனாலும் வணிகர்கள் தினமும் புழங்கும் ஒரு சொல், சிங்கப்பூரில் நம் சமூகம் வளர்ந்த கதையைச் சொல்லிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜாமீன் என்பதே அந்தச் சொல்.

முன்பின் தெரியாத ஒருவர் கடனுக்குச் சரக்குக் கேட்டால், "யார் சொல்லி வந்தீங்க?" என்றுதான் முதலில் கேட்போம். நமக்குத் தெரிந்த ஒருவர் "இவருக்கு நான் பொறுப்பு" என்று சொன்னால் சரக்கு வெளியே போகும். சொன்னவர் பணம் கொடுக்கவில்லை, தம் பெயரைக் கொடுத்தார். நம் முன்னோர்களில் பலர் இந்த ஊரில் காலூன்றியதும் அப்படித்தான். ஊரை விட்டு வந்த பிள்ளைக்கும், போரில் அகப்பட்ட பிள்ளைக்கும், படிப்பைத் தொடர வழியில்லாத பிள்ளைக்கும் யாரோ ஒருவர் தம் பெயரைக் கொடுத்து நின்றார். மலர்களில் தலைவர்களின் படங்கள் வரும். கட்டடங்களின் கதை வரும். இப்படிப் பெயர் கொடுத்து நின்றவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. அவர்கள் செய்த வேலையையாவது எழுதி வைப்போம் என்பதே என் நோக்கம்.

கப்பலில் வந்த பிள்ளைகள்

1819இல் ராபிள்ஸ் இங்கே வந்திறங்கிய சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து நம்மவர்கள் வந்துவிட்டார்கள். அவர்களைச் சூலியாக்கள் என்று அழைத்தார்கள். 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் தோன்றியது. அடுத்த ஆண்டு தெலுக் ஆயர் தெருவில் அல் அப்ரார் பள்ளிவாசல் தோன்றியது. தொடக்கத்தில் அது ஒரு குடிசைதான் என்பதால் அதைக் குச்சுப் பள்ளி என்றே மக்கள் அழைத்தார்கள். வந்தவர்கள் தங்களுக்குச் சொந்த வீடு கட்டுவதற்கு முன்பே சேர்ந்து தொழ இடம் தேடிக்கொண்டார்கள். புதிதாக வந்தவனுக்கு ஊர்க்காரர் யார், வேலை எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளும் இடமும் அதுவாகவே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பயணத்தைச் 'சபர்' என்றும், போனவர்களைச் 'சபராளிகள்' என்றும் நம் ஊர்களில் சொன்னார்கள். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர். ரஜுலா கப்பலின் பெயரைக் கேட்காத குடும்பம் நம்மில் குறைவு. 1926இல் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை இந்தக் கடலில் போய் வந்தது. தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த பயணிகளில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர்களும் இருந்தார்கள். நோய்த்தடுப்புக்காக அவர்களைச் செயின்ட் ஜான்ஸ் தீவில் தங்க வைத்து, பிறகே ஊருக்குள் விட்டார்கள்.

என் பாட்டனார் 1939இல் பதின்மூன்று வயதில் அப்படி வந்தவர். தகப்பனார் மௌத்தாகி, வீட்டில் இரண்டு தங்கைகள். ஊர்க்காரர் ஒருவர் கடிதம் கொடுத்து அனுப்பினார். அதில் இரண்டே வரிதான் என்று பாட்டனார் சொல்வார்: இன்னார் மகன், நம்பலாம்.

கடையே பள்ளிக்கூடம்

அன்றைய கடைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அமைப்புதான். கீழே வியாபாரம், மேலே படுக்கை. முதலாளியும் கணக்குப்பிள்ளையும் சமையற்காரரும் பையன்களும் ஒரே கூரையின் கீழ். ஒரே சஹனில் சாப்பாடு. பையன் விடியலில் எழுந்து கடை முன்புள்ள ஐந்தடி நடைபாதையைக் கூட்டுவான். காகிதத்தில் பொட்டலம் மடிக்கப் பழகுவான். பிறகு தாகில், கட்டி, பிக்குல் என்று நிறுக்கப் பழகுவான். மலாய் பேசவும், சீன வாடிக்கையாளரிடம் விலை சொல்லும் அளவுக்கு ஹொக்கியன் எண்களைச் சொல்லவும் கற்பான். நம்பிக்கை வந்த பிறகுதான் பெட்டியடிக்கு அழைப்பார்கள். சிட்டையில் எழுதி, அதைப் பேரேட்டில் ஏற்றத் தெரிந்துவிட்டால் அவன் ஆளாகிவிட்டான் என்று பொருள்.

சம்பளத்தைப் பையன் கையில் கொடுக்க மாட்டார்கள். பேரேட்டில் அவன் பெயருக்கு ஒரு பக்கம் இருக்கும். ஊருக்கு அனுப்பியது பற்றில், சம்பளம் வரவில். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து ஊருக்குப் புறப்படும்போது கணக்கைக் கூட்டி மீதியைக் கொடுப்பார்கள்.

இந்த முறையைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. எல்லா முதலாளிகளும் நேர்மையாக இருக்கவில்லை. பல பையன்கள் அடி வாங்கினார்கள். சிலருக்குக் கணக்குக் கூட்டும் நாளில் வரவைவிடப் பற்று அதிகமாக இருந்தது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் மூட்டை தூக்கியவர்கள், பின்னாளில் கையெழுத்துப் போடத் தயங்கி நின்றதை நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம். அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பணிவிடைக்குச் சேர்ந்து பத்து ஆண்டுகள் இருந்தார்கள்; அத்தனை ஆண்டுகளில் ஒரு கடுஞ்சொல்கூடத் தம் மீது விழுந்ததில்லை என்று சொன்னதை நாம் மதரஸாவில் படித்திருக்கிறோம். நம் முன்னோர்களும் அதைப் படித்தவர்கள்தாம். சிலர் படித்தபடி நடந்தார்கள், சிலர் நடக்கவில்லை. நடந்தவர்களிடம் வளர்ந்த பிள்ளைகள்தாம் பின்னாளில் மற்றப் பிள்ளைகளுக்கு ஜாமீன் நின்றார்கள்.

சரக்கில்லாத கடை

1941 டிசம்பர் 8ஆம் நாள் அதிகாலையில் சிங்கப்பூரில் குண்டுகள் விழுந்தன. 1942 பிப்ரவரி 15இல் பிரிட்டிஷார் சரணடைந்தார்கள். அதற்குப் பிறகு மூன்றரை ஆண்டுகள் கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை, ஊருக்குப் பணமும் இல்லை. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. என் பாட்டனாருக்கு அப்போது பதினாறு வயது. மகன் உயிரோடிருக்கிறானா என்று அவர் தாயாருக்கு 1945 வரை தெரியாது.

அந்த நாட்களில் பையன்களை வெளியே அனுப்பிவிட்ட கடைகள் உண்டு. சோறு போட வழியில்லாத முதலாளியைக் குறை சொல்லவும் முடியாது. பாட்டனாரின் முதலாளியை அவர் மாமா என்றுதான் அழைப்பார். உறவுமுறை எதுவும் கிடையாது. மாமா மூன்று பையன்களையும் அனுப்பவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் மரவள்ளி நட்டார்கள். பகலில் விற்கச் சரக்கு இல்லை. "சும்மா உட்கார்ந்தா புத்தி கெட்டுப்போகும்" என்று சொல்லி, பழைய பேரேடுகளை எடுத்து வைத்து மூவருக்கும் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார். தாள் கிடைக்காததால் பழைய செய்தித்தாளின் ஓரங்களில் எழுதினார்கள்.

இன்னொன்றும் செய்தார். ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டுக்கு மதிப்பு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. மாமா பையன்களின் சம்பளத்தை அந்த நோட்டுக் கணக்கில் எழுதவில்லை. போருக்கு முன்பிருந்த வெள்ளிக் கணக்கிலேயே மாதம் தவறாமல் வரவு வைத்தார். 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் வாழைமர நோட்டு வெறும் காகிதமானது. மாமாவிடமும் அப்போது பணம் இல்லை. ஆனால் பேரேட்டில் எழுத்து இருந்தது. அந்தத் தொகையைக் கொடுத்து முடிக்க அவருக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

பாட்டனார் இதைச் சொல்லும்போது பணத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டார். "நாளைக்கு இருப்போமான்னு தெரியாத நேரத்துல, எங்களுக்கு நாளைக்குக் கணக்கு எழுதினாரு" என்பார். ஒரு பிள்ளைக்குச் சோதனை வரும்போது பெரியவர் செய்யக்கூடியது இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆறுதல் வார்த்தை அன்றோடு போய்விடும். உனக்கு ஒரு நாளை உண்டு என்று நம்பி அதற்கு வேண்டியதைச் செய்து வைத்தால் அது நிற்கும்.

உமறுப் புலவர் பெயரில் ஒரு பள்ளி

தனி மனிதர்கள் செய்ததை ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து செய்யத் தொடங்கியது அடுத்த கட்டம். அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வாழ்ந்த கடையநல்லூர் மக்கள். மற்ற ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஆண்கள் மட்டுமாக வந்தபோது, அவர்கள் குடும்பமாக வந்தார்கள். ஆண்கள் பலருக்குத் துறைமுக வேலை. பெண்கள் மசாலா இடித்து விற்று வீட்டுச் செலவைத் தாங்கினார்கள். 1941இல் அவர்கள் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை அமைத்தார்கள். அதே ஆண்டு இறுதியில் போர் வந்தது. போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், அந்தச் சங்கம் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. உமறுப் புலவர் பெயரைச் சூட்டினார்கள்.

ஊரே இடிபாடாகக் கிடந்த நேரம். வயிற்றுப்பாட்டுக்கே போராடிய மக்கள் பள்ளிக்கூடம் கட்ட நினைத்தார்கள் என்பதை நாம் நின்று யோசிக்க வேண்டும். போர் ஆண்டுகளில் படிப்பை இழந்த பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். அவர்களுக்கு ஒரு சமூகமே ஜாமீன் நின்றது. அப்பள்ளி 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. சிங்கப்பூரில் தமிழில் உயர்நிலைக் கல்வி அளித்த ஒரே பள்ளி அதுதான். ஆங்கிலக் கல்வியே வேலைக்கு வழி என்ற நிலை வந்த பிறகு மாணவர் எண்ணிக்கை குறைந்து, 1982இல் பள்ளி மூடப்பட்டது. பெயர் மட்டும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையமாக இன்றும் வாழ்கிறது.

அந்தப் பெயரிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சீறாப்புராணம் பாட உமறுப் புலவருக்குத் துணை நின்றவர் வள்ளல் சீதக்காதி. காப்பியம் முடிவதற்குள் வள்ளல் மறைந்தார். அத்தோடு பணி நின்றுபோயிருக்கலாம். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்து ஆதரித்தார். முதலில் ஜாமீன் நின்றவர் போய்விட்டால் அடுத்தவர் நிற்க வேண்டும் என்பது நம் மரபில் அன்றே இருந்திருக்கிறது.

எழுபதுகளில் மாறிய காலம்

பையன்களைக் கப்பலில் அழைத்து வந்து கடையில் வளர்க்கும் வழக்கம் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. 1953இல் குடிநுழைவுச் சட்டம் இறுகியது. முன்போல நினைத்தவர்கள் வந்திறங்க முடியவில்லை. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது இங்கேயே தங்குவதா, ஊருக்குத் திரும்புவதா என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு. 1965க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி அட்டை தேவைப்பட்டது. 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியதும் படைத்தளங்களை நம்பியிருந்த பலர் வேலை இழந்து ஊர் திரும்பினார்கள். பழைய கடைவீடுகள் இருந்த வட்டாரங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, மக்கள் வீவக அடுக்குமாடிகளுக்குக் குடிபோனார்கள்.

புதிய வீடுகளில் தண்ணீரும் மின்சாரமும் வசதியும் இருந்தன. ஆனால் கடைக்கு மேல்மாடி இல்லாமல் போயிற்று. கீழ்த்தளத்தில் இருக்கும் பெரியவரின் கண்ணில் படாமல் ஒரு பையன் வெளியே போக முடியாது என்ற நிலை மாறியது. ஒரு பிள்ளை தோ பாயோவில், அவனை அறிந்த பெரியவர் பிடோக்கில். நம் சங்கத்தைப் போன்ற சங்கங்கள் பல அந்தக் காலகட்டத்தில் உருவானதற்கும் வளர்ந்ததற்கும் இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். இழந்த மேல்மாடியை நம்மவர்கள் சங்க அறையில் தேடினார்கள். துணைப்பாட வகுப்பு, கல்வி நிதி, நோன்புக் கஞ்சி, பெருநாள் ஒன்றுகூடல் எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்த நோக்கம் ஒன்றுதான்: நம் பிள்ளைகளை நாலு பேர் பெயர் சொல்லி அறிந்திருக்க வேண்டும்.

1979இல் தொடங்கிய தரம் பிரிக்கும் முறையில் நம் பிள்ளைகள் பலர் பின்தங்கிய பிரிவில் நின்றார்கள். 1982இல் மெண்டாக்கியும் 1991இல் சிண்டாவும் அமைந்தன. அவற்றின் உதவி பெரிது. ஆயினும் மையத்திற்கு வரும் பிள்ளைக்குத்தான் மையம் உதவ முடியும். வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்ட, அவன் அத்தாவை அறிந்த ஒருவர் வேண்டும்.

ஒரு கையெழுத்து

எனக்கும் ஒருவர் கதவைத் தட்டினார். நான் பாலிடெக்னிக் முதலாண்டில் இருந்தபோது என் அத்தா மௌத்தானார்கள். கடையில் கடன் இருந்தது. படிப்பை விட்டுவிட்டுக் கடையில் உட்காருவது என்று முடிவு செய்துவிட்டேன். படிப்புக் கடன் வாங்கலாம். அதற்கு ஜாமீன்தாரர் கையெழுத்து வேண்டும். கேட்க ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர், இன்று மர்ஹூம், பாரத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கையெழுத்திட்டார். போட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, இனி உன் பரீட்சை எனக்கும் பரீட்சை. நீ விட்டுட்டா என் பேருல்ல கெடும்."

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போக வேண்டும். மதிப்பெண் காட்ட வேண்டும். அதன்பிறகு கடையின் வரவு செலவைக் காட்ட வேண்டும். திட்டவும் மாட்டார், புகழவும் மாட்டார். எந்தக் கடனை முதலில் அடைப்பது, எந்தச் சரக்கை நிறுத்துவது என்று கேள்வி மட்டும் கேட்பார். பதில் நான் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது. என் பாட்டனாருக்குப் பேரேடு கற்றுக்கொடுத்த மாமாவை நான் பார்த்ததில்லை. இந்தப் பெரியவரைப் பார்த்தேன்.

2020

அண்மைக் காலத்தில் நம் சமூகம் கண்ட பெரிய சோதனை கொவிட். 2020 மார்ச் நடுவில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை. அந்த ரமலானில் பள்ளியில் தராவீஹ் இல்லை, கஞ்சி இல்லை. சுற்றுப்பயணிகள் நின்றதும் நாணய மாற்று வணிகம் செய்த நம்மவர்கள் பலர் நொடித்தார்கள்.

அப்படி ஒரு வீட்டுப் பையனுக்குப் பதினேழு வயது. தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவன். வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கு ஒரே மடிக்கணினி. இணைய வகுப்பை விட்டுவிட்டு இரவெல்லாம் சைக்கிளில் உணவு விநியோகம் செய்தான். வீட்டில் பேசுவதையும் நிறுத்திவிட்டான். அவன் தாயார் என் மனைவியிடம் சொல்லி அழுததால் எனக்குத் தெரிய வந்தது. கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு அவனை அழைத்தேன். "உனக்குப் புத்தி சொல்லக் கூப்பிடல. சனிக்கிழமை காலையில வந்து சரக்கு எண்ணிக் கொடு, சம்பளம் தர்றேன்" என்றேன்.

முதல் மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் வாரம் வந்து, "அண்ணே, மிளகாய் மூட்டை 20ன்னு பில்லுல இருக்கு, இங்க 17தான் இருக்கு" என்றான். அவன் எண்ணிய தாளையே கையில் வைத்துக்கொண்டு, அவன் எதிரிலேயே சரக்கு அனுப்பியவரிடம் தொலைபேசியில் பேசினேன். மூன்று மூட்டை மறுநாள் வந்தது. அன்றுதான் அவன் வாய் திறந்தது. அத்தா அழுவதைப் பார்க்க முடியாமல்தான் இரவில் வெளியே போகிறேன் என்றான். பிறகு அவனுடன் ஆசிரியரைப் பார்க்கப் போனோம். உதவி நிதிக்கு விண்ணப்பித்தோம். சங்கத்தில் ஒருவர் பழைய மடிக்கணினி கொடுத்தார். அவன் படிப்பை முடிக்க மற்றவர்களைவிட ஓராண்டு அதிகமாயிற்று. இன்று மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான். கணக்கு எழுதவோ கடை வைக்கவோ அவனுக்கு விருப்பமில்லை. வைக்க வேண்டியதும் இல்லை.

இனி நம் முறை

நம் பிள்ளைகளுக்கு இன்று அறிவுரைக்குப் பஞ்சமில்லை. கைப்பேசியைத் திறந்தாலே கொட்டுகிறது. பஞ்சம் இருப்பது "இவனுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லும் ஆளுக்குத்தான். கல்வி நிதியில் காசோலை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது நல்ல காரியம். அந்தப் பிள்ளை அடுத்த மாதம் என்ன செய்கிறான் என்று கேட்பது அதனினும் நல்ல காரியம்.

அதனால் பொன்விழா ஆண்டில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நிதி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சங்க உறுப்பினர் ஒருவர் ஓராண்டுக்குத் தம் பெயரைக் கொடுக்கட்டும். மாதம் ஒருமுறை சந்திக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு நம் தாய்மார்களும் சகோதரிகளும் நிற்கட்டும். மசாலா இடித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களின் வாரிசுகளுக்கு இது புதிதல்ல. அடிக்காமல், ஏசாமல், கூலி பிடிக்காமல், பழைய முறையின் நன்மையை மட்டும் எடுத்துக்கொள்வோம். சங்க அலுவலகத்தில் ஒரு பேரேடு இருக்கட்டும். ஒரு பக்கம் பிள்ளையின் பெயர், எதிர்ப்பக்கம் பொறுப்பேற்றவர் பெயர். முதல் பக்கத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன்.

நம் பிள்ளைகளுக்காக நின்று மறைந்த பெரியவர்களின் மண்ணறைகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும் மனத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.